புதினாவுக்குக் கணக்கில்லை

தவறணையில் எனக்கு நாளுக்கு ஆயிரத்து இருநூறு.
ஓர் இலை, ஒரு கணு, சாய்வாய் ஒரு வெட்டு.
மண் பையில் குத்தி, கெக்கில்லா நிழலில் அடுக்கவேண்டும்.
குறைந்தால் அரைப்பேர்.
கணக்குப்பிள்ளை விரலை நனைத்து நனைத்துத் தாள் புரட்டுவார்.

தேயிலைக்கு அப்படி.

வீட்டில் ஒரு பால்மா டின்.
ஆணியைச் சுட்டு அடியில் நானே போட்ட ஐந்து ஓட்டை.
புதினாவுக்குக் கணக்கில்லை,
அது பாட்டுக்குப் படரும்.
போன ஆடியில் டின்னைக் கவிழ்த்துத் தட்டினேன்.
மண்ணையே காணோம், எல்லாம் வேர்,
டின்னின் வடிவத்தில் சுற்றிச் சுற்றி
தன்னையே இறுக்கிக்கொண்டு.
காய்கறிக் கத்தியால் ரெண்டாய்ப் பிளந்தேன்.
கை கொஞ்சம் நடுங்கியது, சும்மா சொல்லக் கூடாது.
ஒரு பாதி எனக்கு.
மறு பாதி பக்கத்துக் காம்பரா பெர்னதெத்துக்கு.

"நன்றி சொல்லிறாத, பட்டுப்போகும்" என்றேன்.
சொல்லவில்லை.
அந்த வாரத்துக்குப் பிறகு எதுவுமே சொல்லவில்லை.
பீலியடியில் யார் குடம் முதல் என்று தொடங்கி
அவள் புருசன் குடிக்கிறது வரை போய்விட்டது பேச்சு,
கொண்டுபோனது என் வாய்தான்.
ஐந்து மாதம்.

தையில் கந்தப்பளைக்குத் துகள் பனி இறங்கியது.
விடியும்போது மலை முழுக்க உப்புத் தூவினாற்போல்,
வெயில் ஏற ஏறக் கொழுந்தெல்லாம் கருகல்.
தவறணைக்கு முந்தின இரவே சாக்கு விரித்தோம், தொரை ஓடர்.
பன்னிரண்டாயிரம் கன்றைப் போர்த்திவிட்டு வந்தவள்
வாசல் டின்னை உள்ளே எடுத்து வைக்கவில்லை.
தொட்டேன், விரலில் கறுப்பாய் ஒட்டியது.
தோண்டினால் வேரும் கொழகொழ.
மணம் மட்டும் இருந்தது, அதுவும் சாயங்காலம் வரை.

பெர்னதெத் தன் டின்னை அடுப்படியில் வைத்திருந்தாள்.

ரொட்டிக்கு வெறும் தேங்காய்ச் சம்பல்.
மூன்று ஞாயிறு பொறுத்தேன்.

திருடி வைத்த கொப்புத்தான் தழைக்கும் என்பார்கள்,
சட்டம் என் பக்கம்.
அரைப்பேரோடு திரும்பிய ஒரு பகல்,
அவள் மலையில் கொழுந்தெடுக்கிறாள்.
அவள் சன்னல் வலையின் ஓட்டை வழியே
வெளிச்சம் தேடி வெளியே நீண்டிருந்த ஒரு கொப்பு.
தவறணைக் கத்தி. கணுவுக்குச் சற்றுக் கீழே.

அடி இலைகளைக் கிள்ளி, யோகட் கப்பில் நிறுத்தி
தினம் தண்ணீர் மாற்றினேன்.
இந்தக் குளிரில் நாள் பிடிக்கும்.
பதினோராம் நாள் இலை கிள்ளிய இடத்தில்
வெள்ளை மயிர்போல் ஒன்று, மறுநாள் நாலு.
மண்ணுக்கு மாற்றி, நுனியைக் கிள்ளி,
கட்டிலடி நிழலில் மூன்று நாள் ஒளித்து வைத்தேன்.
வெயில் படாமலிருக்க. அவள் கண்ணும்.

பீலியடி. எனக்கு முன்னால் அவள்.
விழும் தண்ணீரைப் பார்த்தபடியே கேட்டாள்:
"புடிச்சிருச்சா?"

எனக்குக் காது சுட்டது.
"ம். மூணு இலை."

"வெட்டைப் பாத்தே தெரிஞ்சிச்சி.
எலியா இருந்தா சாய்ச்சு வெட்டாது."

குடத்தைக் கொஞ்சம் நகர்த்தினாள்,
எனக்கு இடம் விட்டா
இல்லை, தண்ணீர் நேரே விழவா,
தெரியவில்லை.