முடிச்சு சிரிக்கிறது

நவம்பரில் வூச் நகரம்
நாலு மணிக்கே இருட்டிவிடும்.
டிராமிலிருந்து இறங்கி உள்ளே வந்ததும்
கையுறை கழற்றாமல் நான் பார்ப்பது
வெந்நீர்த் தொட்டியின் எண்ணை:
முப்பத்தேழு.
உடம்பின் சூடு. ஆள்தான் இல்லை.

தொட்டிக்குள் வரிசையாய்க் குழாய்கள்,
குழாய்க்கு ஓர் இழை,
கரைவதற்கென்றே பின்னியது,
அவசரமில்லாமல் கரைகிறது.

பூச்சு இல்லாத இழை
தோலுக்குள் ஒரு ரம்பம்.
கசாப்புக்கடை மியெச்சிஸ்வாவ்
வாரம் மூன்று கிலோ பன்றித்தோல் எதற்கென்று
கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார்.
அந்தத் தோலை ஊசி கடக்கும்போது
திரையில் கோடு
பல் பல்லாய் எகிறும்.

மெழுகு மாதிரி ஒன்றைப் பூசினோம்.
கோடு படுத்துக்கொண்டது.
விலாங்காய் வழுக்கிப் போனது இழை.
அன்றைக்குப் பாலாடைக் கேக் வாங்கி
ஆளுக்கு இரண்டு துண்டு.

மறுநாள் முடிச்சு.
ஒரு சுற்று, இரண்டு, மூன்று.
இழுத்தேன்.
தானாகவே, மரியாதையாக, அவிழ்ந்தது.
“யாகோதா, உன் முடிச்சு சிரிக்கிறது”
என்றான் லுதோமிர்.

தசையிடம் வழுக்க வேண்டும்,
தன்னிடம் வழுக்கக் கூடாது.
இந்த ஒரு வாக்கியத்துக்கு
நாற்பத்தொரு கரைசல்.
குறைத்தால் ரம்பம், கூட்டினால் சிரிப்பு.
மயிரிழையில் தப்பியது என்போமே,
அந்த மயிரிழையை நூறாய்ப் பிளந்தால்
எங்கள் பூச்சு.

மார்ச்சில் என் குடல்வால் வெடித்தது.
மயக்கம் தெளிந்து
நான் கேட்ட முதல் கேள்வி:
என்ன நூல்?
டாக்டர் ஹலினா பெயரைச் சொன்னார்.
போட்டிக் கம்பெனி.

படுத்தபடியே கணக்குப் போட்டேன்.
பதினாலாம் நாள் பாதி பலம்.
இருபத்தெட்டில்
நூல் என்ற பேச்சுக்குத்தான் நூல்.
அறுபதில் அதுவும் இல்லை.
அதற்குள் சதை
சதையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.
நர்ஸ் வந்து வெப்பமானியைப் படித்தாள்:
முப்பத்தேழு.
தொட்டிக்கு ஆள் கிடைத்தாயிற்று.

ஐந்தாம் நாள் லுதோமிர் வந்தான்.
முடிச்சு எப்படி என்றான்.
சிரிக்க வைக்காதே என்று
வயிற்றைப் பொத்திக்கொண்டேன்.
அப்படியும் சிரித்தேன்.
வலி கோடு கோடாய் எகிறியது.
உள்ளே, எவனோ பூசிய பூச்சில்,
எவளோ சரிபார்த்த முடிச்சு
அசையவில்லை.

பொறாமையாக இருந்தது.
எவ்வளவு பூசினார்கள்?
தையலைத் தடவிப் பார்த்தேன்.
மேலே ஒன்றும் தெரியவில்லை.

ஏப்ரலில் திரும்பிப் போய்
நாற்பத்திரண்டாவது கரைசலைக் கலக்கினேன்,
குனியாமல்.