சொன்னாங்க

சுங்கை சிப்புட் கோர்ட்டில்
பத்தொன்பது வருடமாகத் தமிழை மலாய் ஆக்கி
மலாயைத் தமிழ் ஆக்கிச் சம்பளம் வாங்குகிறேன்.
களவுபோன மோட்டார், அறுத்த தாலி,
சம்சு குடித்துவிட்டுப் போட்ட வெட்டு,
எல்லாம் என் வாய்வழியாகத்தான் போயிருக்கின்றன.
ஒரு சொல் மட்டும் இன்னும் போகவில்லை.

சர்வின் அனாக் லெலாக்கி மோகனதாஸ்.
வயது பதினாறு.
செம்பனைத் தோட்டத்து உர ஸ்டோருக்குத் தீ வைத்தவன்.
உள்ளே படுத்திருந்த வங்காளதேசிக்கு
முழங்கை வரை தோல் உரிந்துவிட்டது.
அதையும் நான்தான் வாசித்தேன்.

ரிமாண்டுக்குக் கொண்டுவந்த காலை
அவன் காலில் செருப்பில்லை.
ஏன் செய்தாய் என்று கேட்டார்கள்.
கேட்டேன்.
"சொன்னாங்க" என்றான்.

நமக்கு அது போதும்.
அப்பாவும் சொன்னாங்க, சாமியும் சொன்னாங்க,
ஆளே இல்லாத அறையிலும் சொன்னாங்க.
மலாயில் அந்த இடத்தில் ஓர் ஆளை நிறுத்தியாக வேண்டும்.
மெரேக்கா, என்றேன்.
அவர்கள்.

இன்ஸ்பெக்டரின் பேனா நிமிர்ந்தது.
அவர்கள் யார்? எந்தக் கும்பல்? என்ன நம்பர்?
ஏழு நாள். பிறகு இன்னும் ஏழு.
லாக்கப்பில் நம்பர் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.
கடைசியில் ஒன்று சொல்லியிருக்கிறான், இருபத்தேழு.
நான்காம் படிவ வருகைப் பதிவில்
அவனுடைய எண் அது.

மறுநாளே திருத்தியிருக்கலாம்.
மொழிபெயர்ப்பாளன் சொந்தமாய்ப் பேச
அந்த அறையில் இடமில்லை என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.
காப்பிக் கடையில் அதற்குள் தீர்ப்பு வந்துவிட்டது:
கஞ்சா, இல்லாவிட்டால் செய்வினை,
இரண்டும் இல்லையென்றால் வளர்ப்பு.
உண்மையைச் சொன்னால்,
நானும் முதலாவதைத்தான் நம்பினேன்.

அவன் அம்மா இந்திராணி வராந்தாவில் சொன்னாள்:
"மில்லு சங்கு மூணு மணிக்கு ஊதி நின்னுரும் சார்.
இவனுக்கு மட்டும் நிக்காது.
அதுக்குள்ள யாரோ பேசுறாங்கம்மான்னு
தலகாணிய காதுல வச்சு அமுக்கிக்குவான்."
முதலில் கோயிலில் அவன் கையில்
எலுமிச்சம்பழம் வைத்துக் குறி கேட்டார்களாம்.
ஒருவர் லாட்டரிக்கு நாலு நம்பர் கேட்டாராம்.
பிறகு அவன் கத்தத் தொடங்கியதும்
வெளியே உட்காரச் சொல்லிவிட்டார்கள்.
பள்ளியில் பெயரை அடித்தார்கள்.
கிளினிக்கில் ஈப்போவுக்கு எழுதிக் கொடுத்தார்கள்,
தேதி ஐந்து மாதம் தள்ளி.
தீ மூன்றாம் மாதம்.

சிறுவர் வழக்கு, ஆகவே கதவை மூடித் தீர்ப்பு.
டாக்டர் அறிக்கை எட்டுப் பக்கம்.
செய்தது அவன்தான்.
செய்தபோது அவன் புத்தி அவனிடம் இல்லை.
ஆகவே விடுதலை.

விடுதலை என்று நான் சொல்லி முடிப்பதற்குள்
இந்திராணி பிளாஸ்டிக் பையைப் பிரித்துப்
புதுச் சட்டையை உதறினாள்.
குண்டூசிகள் தரையில் சிதறின.

மாஜிஸ்திரேட் இன்னும் முடிக்கவில்லை.
அடுத்த வாக்கியம் நீளம்:
சுல்தானின் திருவுளம் தெரியும்வரை காவல்,
அதன்பின் திருவுளம் உள்ளவரை மருத்துவமனை.
விருப்பம் என்பதா, சித்தம் என்பதா?
பழைய ஆங்கிலச் சட்டத்தில் அந்தச் சொல்லுக்கு
மகிழ்ச்சி என்றும் ஒரு பொருள் உண்டு.
தஞ்சோங் ரம்புத்தானில்
அந்த மருத்துவமனைக்குப் பெயரே மகிழ்ச்சி.

"எத்தன வருஷம் சார்?"
போடலம்மா.
"திருடுனவனுக்குக்கூடப் போடுவாங்களே."

சர்வின் கூரை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்,
யாரோ பேசும்போது குறுக்கிடாத பிள்ளை மாதிரி.
அவள் குனிந்து
ஊசிகளை ஒவ்வொன்றாய்ப் பொறுக்கி
சட்டைக் காலரில் திரும்பக் குத்தினாள்.
நிமிராமலே கேட்டாள்,
"அங்க தமிழ் பேசுறவங்க இருப்பாங்களா?"

இருப்பாங்க, என்றேன்.

யார் என்று
அவள் கேட்கவில்லை.