ஈர ஆணி

டாகொராடி துறைமுகம், மூன்றாம் கொட்டகை.
வெயிலுக்கு முன்பே வந்து நின்ற லாரியில்
இருநூற்றுப் பன்னிரண்டு பலகை.
சீட்டில் எழுதியிருப்பது: தேக்கு.
என் பையில் இருப்பது:
சவரக் கத்தி, பத்து மடங்கு லென்ஸ்,
தண்ணீர்ப் புட்டி, நாலு இரும்பாணி,
காலையில் தின்னாமல் விட்ட கென்கே உருண்டை.

நிறத்தைக் கேட்கக் கூடாது.
நிறம் பொய் சொல்லும்,
வெயிலில் கிடந்த நிறம் கூசாமல் சொல்லும்.
எடையும் அப்படித்தான்.
மழை பெய்த வாரத்தில்
பஞ்சுபோன்ற வாவா கூடத்
தன்னைச் சப்பேலே என்று நினைத்துக்கொள்ளும்.

குறுக்கே அறுத்த முகத்தில்
ஒரு நகத்தளவு மழித்து
நாக்கால் ஈரப்படுத்தி
(பயிற்சியில் வேண்டாமென்றார்கள்)
லென்ஸைக் கண்ணோடு ஒட்டிக் குனிந்தால்
மரம் வாயைத் திறக்கும்.

தேக்கின் துளைகளுக்கு வரிசை தெரியும்.
மழை பிறந்ததும் பெரிது பெரிதாய் ஒரு வளையம்,
பிறகு சிறுத்துச் சிறுத்து,
சம்பளத்துக்குப் பிந்திய வாரங்கள் போல.
விரலில் மெழுகு.
மூக்கில் புதுச் செருப்புக் கடை.

மேலடுக்கு முழுக்க அப்படியே இருந்தது.
ஏஜென்ட் நியாமேக்கே சிரித்தார்,
குளிர்ந்த மால்ட் பாட்டிலை நீட்டினார்.
ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்.
சரிதான்,
ஒரே அரிசியில் வடித்த சோறாக இருந்தால்.

அலிடுவை ஏணி போடச் சொன்னேன்.
மூன்றாம் அடுக்கு.
ஐந்தாம் அடுக்கு.
இங்கே துளைகள் வரிசையில் நிற்கவில்லை,
சந்தை கலைந்த மாதிரி சிதறிக் கிடந்தன.
பலகையைச் சாய்த்து வெளிச்சம் பிடித்தால்
கடல் பின்வாங்கிய மணலின் நெளிகோடுகள்,
மயிரிழை மயிரிழையாய்.
மெழுகில்லை. செருப்புக் கடையில்லை.

பெயர் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.
ஆனால் நாக்கைச் சாட்சியாக எழுத
படிவத்தில் இடமில்லை.
மேலடுக்கில் ஒன்று, ஐந்தாம் அடுக்கில் ஒன்று,
இரண்டையும் நனைத்து
ஆணி கிடத்தி, ஈரச் சாக்கு மூடி,
கொட்டகையைப் பூட்டிச் சாவியோடு வீட்டுக்குப் போனேன்.

இரவு மூன்று முறை போன் அடித்தது.
மூன்றாம் முறை எடுத்தேன்.
“தேக்குக்குத் தம்பிதானே மேடம் அது.
வாங்குகிறவன் கதவுக்குக் கேட்கிறான்.
இதுவும் கதவாகும்.”

ஆகும்.
தேக்கைவிட நல்ல கதவே ஆகும்.
கறையான் தொடாது, மழைக்கு முறுக்காது.
அதனால்தான் காட்டில்
எண்ணி எழுதும்படி மிஞ்சியிருக்கிறது.
அதனால்தான் அதற்குத் தனித் தாள் கேட்கிறோம்.

இதைச் சொல்லாமல் போனை வைத்தேன்.

நான் படுத்திருந்த கட்டில் டஹோமா.
விலை பார்த்து நானே பொறுக்கியது.
அறுத்த புதிதில் மூத்திர நெடி வீசும் மரம்;
ஒரு மாதம் ஜன்னலைத் திறந்தே படுத்தோம்,
கொசு எங்களைக் கொண்டாடியது.
மரம் தெரிந்தவள் வாங்கினதா இது, என்றான் எபோ.
தெரிந்ததால்தான் வாங்கினேன்.
நெடி போய்விடும்.
கடன் அப்படிப் போகாது.

விடிந்து சாக்கை விலக்கினால்
மேலடுக்குப் பலகையில்
துடைத்தால் மறையும் துருக்கோடு.
மற்றதில்
ஆணியைவிட நீளமாக,
கன்னத்தில் அறைந்த தடம்போல்
நீலக் கறுப்பு.

கொக்ரோடுவா, என்று எழுதினேன்.
நூற்று நாற்பத்தோரு பலகை.
கட்டம் சின்னது, எண் வெளியே வழிந்தது.

நியாமேக்கே நெடுநேரம் குனிந்து பார்த்தார்.
கட்டைவிரலால் தேய்த்தார்.
“இது போகுமா?” என்றார்.
“எலுமிச்சைச் சாறு விட்டால் போகும்,” என்றேன்.
கேட்டால் சொல்ல வேண்டியதுதானே.

அலிடு பலகைகளை இறக்கத் தொடங்கியிருந்தான்.
ஓரமாக உட்கார்ந்து
நேற்றைய கென்கேயைப் பிரித்தேன்.
புளித்திருந்தது.
அது புளிக்க வேண்டியதுதான்.