உரிமையாளர் தெரியவில்லை

புந்தா அரேனாஸில் காற்று
என் கடைப் பலகையைப் பிடுங்கிப் போட்ட செவ்வாய்க்கிழமை,
ராஜ நண்டு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தின் ஹார்ட் டிஸ்க்
மேசைக்கு வந்தது,
தொண்டையில் முள் சிக்கிய நாயாகக் கரகரத்துக்கொண்டு.

சாவதற்குள் நகல் எடுத்துவிடு என்றார்
தலைவர் மிரோஸ்லாவ்.
ஆறு மணி நேரம்.
பிட்டுக்குப் பிட்டு, பழுதைப் பழுதாகவே,
எழுதி அழித்த இடங்கள் உட்பட
எல்லாம் புது டிஸ்க்கில் இறங்கியது.

என் கணினியில் செருகினேன்.
வலைக் கணக்கு திறந்தது. டீசல் ரசீது திறந்தது.
எலெயுத்தெரியோ என்ற ஃபோல்டர் மட்டும்
அனுமதி இல்லை என்றது.

யாருடையது என்று பார்த்தேன்.
பெயர் இல்லை. எஸ் என்று தொடங்கி
ஒரு முழ நீளத்துக்கு எண்.
பழைய கணினிக்கு அந்த எண்ணைத் தெரியும்:
பதினேழு வருடம் கணக்கு எழுதியவர்,
மார்ச்சில் சீட்டுக் கிழிக்கப்பட்டவர்.
என் கணினிக்கு அவர் யாரோ.

பூட்டு நகலில் அப்படியே வந்திருக்கிறது.
காவல்காரன் வரவில்லை.
இங்கே காவல் நான்தான்.
உரிமையை எடுத்துக்கொள்: ஒரு கிளிக்.
நிச்சயமா என்றது. இன்னொரு கிளிக்.
நாலாயிரத்துச் சொச்சம் கோப்புகள்
வரிசையாக என் பெயருக்கு மாறின,
யாஸ்னா யாஸ்னா யாஸ்னா.
பத்திர ஆபீஸில் ஒரு கோழிக்கூடு கூட
இவ்வளவு சீக்கிரம் கைமாறாது.

திருட்டை எதிர்பார்த்துத் தலைவர்
என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.
இருந்தவை கைமாற்றுக் கணக்குகள்.
படகு வாரியாக, யாருக்கு எவ்வளவு,
எல்லாம் அவர் சம்பளத்திலிருந்து.
மிரோஸ்லாவ் என்றும் ஒரு கோப்பு.
அதை நான் தொடவில்லை. அவரே திறந்தார்.
கீழே உருட்டினார், இன்னும் கீழே.
பிறகு தொப்பியை மறந்துவிட்டுப் போனார்,
இந்த ஊரில், இந்தக் காற்றில்.

மறுநாள் எலெயுத்தெரியோ வந்தார்.
'பூட்டித்தானே வைத்திருந்தேன்?'
பூட்டு அந்த வீட்டுக்குள் மட்டும்தான் செல்லும்,
சங்கேதத்தில் எழுதியிருந்தால்
நானும் வாசலில்தான் நின்றிருப்பேன்
என்றெல்லாம் சொல்ல வாய் வரவில்லை.
காபி கொடுத்தேன். குடிக்கவில்லை.
'இப்போது யார் பெயரில் இருக்கிறது?'

திருப்பிக் கொடுத்துவிடலாமென்று
உரிமையாளர் கட்டத்தில்
அவர் பெயரைத் தட்டினேன், எழுத்துப் பிசகாமல்.
அவரும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்படி ஒருவர் இல்லை என்றது.