இருபத்தொன்பது

மசேநிதிச் சந்தாவில் பாக்கி இல்லை.
நீதிமன்றத்தில் என் பெயர் இல்லை.
திரும்பி வந்த காசோலை ஒன்றே ஒன்று,
அதுவும் கையெழுத்துச் சாய்ந்துபோனதால்.
மங்கையர்க்கரசி என்று எழுதக்
கட்டங்கள் போதாமல்
படிவத்தில் பாதிப் பெயராய் நிற்கிறேன்;
அதையும் பொறுத்துக்கொண்டார் ஜாஸ்லின் கோ.

அப்புறம் அவர் பேனா நின்றது.
அரசாங்கம் தோள்கொடுக்கும் கடனுக்கு
உள்ளூர்ப் பங்கு முப்பது விழுக்காடு வேண்டுமாம்.
"உங்களுடையது இருபத்தொன்பது, மேடம்."

காக்கி புக்கிட்டில் எங்கள் பட்டறை.
பாதியில் சிக்கிய உருள்கதவுகளைச் சரிசெய்கிறோம்.
கோழிச்சோற்றுக் கடைக்காரர் விடிகாலை ஐந்துக்கு அழைப்பார்;
நாங்கள் போவதற்குள்
முழங்கால் உயரம் திறந்த கதவுக்கு அடியில்
தவழ்ந்து போய் அடுப்பைப் பற்றவைத்திருப்பார்.
வேனின் உரிமைச் சான்றிதழ் ஆகஸ்டில் முடிகிறது.
அதற்குத்தான் கடன்.

தொடங்கியபோது
அற்புதராஜ் மாசாயில் லாரியை விற்றுக் கொண்டுவந்தார்.
நான் வளையல்களை விற்றேன், தாலிக்கொடியைத் தொடவில்லை.
எழுபத்தொன்று, இருபத்தொன்பது என்றார் கணக்காளர்.
எழுபது முப்பதாக்கிவிடலாமே என்றும் கேட்டார்.
வேண்டாம், உள்ளது உள்ளபடி இருக்கட்டும் என்றது
நான்தான்.

அவர் இன்றும் மலேசியர்.
விடியுமுன் பாலம் கடந்து
மழையங்கி சொட்டச் சொட்ட வந்து இறங்குவார்.
பதினோரு வருடம்.
இரண்டு மோட்டார்சைக்கிள் தேய்ந்துவிட்டன.
இதையெல்லாம் ஜாஸ்லினிடம் சொல்லவில்லை.
அவருக்கும் மேலே ஒருவர் இருப்பார்.

ஒரு வாரம் வாய் திறக்காமல் திரிந்தேன்.
ஒரே ஒரு விழுக்காடு.
பக்கத்து வீட்டில் உப்பு கேட்பதுபோலவும் இருந்தது,
ஒருவரின் சுண்டுவிரலைக் கேட்பதுபோலவும்.

நேற்று பிடோக்கில்
ஏணி மேலிருந்து அவரே கேட்டார்:
"லோன் என்னாச்சு?"
சொன்னேன்.
சுருள்வில்லில் கை வைத்தபடி கொஞ்ச நேரம் இருந்தார்.
"முப்பது வேணாம்.
முப்பத்தொண்ணா எழுதிடு.
மொய்யே நாம ஒத்தப்படையிலதான வைக்கிறோம்."

சிரித்தேனா, நினைவில்லை.
கதவைச் சோதிக்க இறக்கினோம்.
அந்தச் சத்தத்துக்குள் அவர் வேறு ஏதோ சொன்னார்.
என்னவென்று கேட்கவில்லை நான்.

படிவம் இன்னும் வேன் இருக்கையில்தான் கிடக்கிறது.
பங்குதாரர் என்ற கட்டத்தின் மேல்
கிரீஸ் விரல் ஒன்று பதிந்திருக்கிறது.
யாருடையதென்று தெரியவில்லை.