புள்ளிக்கோடு

வரைபடத்தில் யீஷூன் ஓரமாக
ஒரு புள்ளிக்கோடு இருக்கிறது.
நான் பாலர்பள்ளியில் இருந்தபோது
யாரோ அளவுகோல் வைத்து இழுத்தது.
ஆறு தடங்கள், நடுவே செடிவரிசை,
ஆளுக்கொரு கார் வாங்கிவிடுவார்கள் என்ற
நம்பிக்கையோ பயமோ.
கோப்பில் அவர் கையெழுத்து உண்டு.
பெயரைப் படிக்க முடியவில்லை.

இந்த ஆண்டு அது என் மேசைக்கு வந்திருக்கிறது.
வைத்துக்கொள்வதா, அழிப்பதா.
இரண்டாயிரத்து நாற்பத்தைந்தில்
இந்த ஊர் எப்படி நடக்கும் என்று
வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் சொல்லவேண்டும்.

அதற்காகத்தான் கதவு கதவாகப் போனோம்.
நேற்று எங்கெங்கே போனீர்கள் என்பதே கேள்வி.
படிவத்தில் எட்டு வரிசை.

பதினொன்றாம் மாடியில் நவநீதன்
ஹெல்மெட்டைக் கழற்றாமலே சிரித்தான்.
"நாற்பத்து மூணு இடம் அக்கா.
எல்லாம் வாசல் வரைக்கும்தான்."
எட்டோடு நிறுத்திக்கொண்டேன்.
மீதி முப்பத்தைந்து சாப்பாட்டுப் பொட்டலங்களும்
எங்கள் கணக்குப்படி பறந்துதான் போயிருக்கவேண்டும்.

நான்கு கதவு தள்ளி ஜெயக்கொடி.
"எங்கேயும் போகலையே."
முந்தாநாள்?
"ம்ஹூம்."
டாக்டர் திரையில் வருகிறார். அலுவலகமும் திரையில்.
அரிசி வாசலுக்கு வருகிறது.
ஐம்பத்திரண்டு வயது, கால்கள் நன்றாக இருக்கின்றன.
போகத் தேவை இல்லையா, போக இடம் இல்லையா
என்று கேட்கக் கட்டம் இல்லை.
சுழியம் போட்டேன்.

ஷாஹிரா இருவரையும் கூட்டி இரண்டால் வகுத்தாள்.
நாளுக்கு நான்கு பயணம் போகும் ஒருவர் கிடைத்தார்.
அவருக்குத்தான் இதுவரை சாலை போட்டிருக்கிறோம்.

பூன் கெங் சொல்கிறார்: கோட்டை விட்டுவை,
அழித்தால் மறுபடி கிடைக்காது.
தப்பில்லை. தீவு அவ்வளவுதான்.
ஷாஹிரா சொல்கிறாள்: சாலை போட்டால் வண்டி வரும்,
அப்புறம் சரியாகக் கணித்தோம் என்று
நம்மையே தட்டிக்கொடுப்போம்.
அவளும் சரி.
எனக்கு வெள்ளிக்கிழமைதான் நெருங்குகிறது.

ஞாயிறு, இடத்தையாவது பார்ப்போம் என்று போனேன்.
முழங்கால் உயரப் புல். காலையில் பெய்த மழை.
கைபேசியில் வரைபடத்தைத் திறந்தேன்:
நீலப் புள்ளியாய் நான்
மூன்றாம் தடத்தின் நட்டநடுவில்.

எதிர்த்திசைத் தடங்களில் பாய் விரித்து
ஏழெட்டுப் பெண்கள். விடுப்பு நாள்.
ஒருத்திக்குச் சைக்கிள் பழக்கினார்கள்;
அவள் செம்பவாங் பக்கமாக நாலு மீட்டர் ஓட்டி
புல்லில் சாய்ந்து கிடந்தாள், எழும் அவசரமில்லாமல்.
கின் மே மாண்டலேக்குப் பேசிக்கொண்டிருந்தாள்,
செடிவரிசை வரவேண்டிய இடத்தில்
செருப்பை விட்டுவிட்டு.

அந்த முகம் தெரிந்த முகம்.
செவ்வாய்க்கிழமை கதவைத் திறந்து
வீட்டில் யாரும் இல்லை என்றவள்.
நானும் அப்படியே எழுதிக்கொண்டு வந்திருந்தேன்:
யாரும் இல்லை.

இங்கே என்ன வரப்போகிறது என்று கேட்டாள்.
இன்னும் முடிவாகவில்லை என்றேன்,
என் வேலையில் நான் சொன்ன
மிகத் துல்லியமான பதில்.

தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள்.
நான்காம் தடத்தில் சம்மணமிட்டேன்.
ஊறவைத்த தேயிலையும் வறுத்த கடலையும்
ஒரு டப்பா மூடியில் வந்தன.
புளிப்பு. கொஞ்சம் கசப்பு.
யாரும் ஹாரன் அடிக்கவில்லை.