ஃபிளாட்

பனியன் கம்பெனியின் இரண்டாம் மாடி.
சாம்பிள் ரூமில் ஒரு மேசை, மூன்று நாற்காலி,
ஆடிட்டுக்கு வந்த டெல்லி மேடம் பக்கம் திருப்பிய ஃபேன்.
எனக்கு நாள் கூலியும் மதியச் சாப்பாடும்.
அவர் இங்கிலீஷைத் தமிழாக்க வேண்டும்,
தைப்பவர்கள் தமிழை இங்கிலீஷாக்க வேண்டும்,
நடுவில் ஓர் ஆள் இருப்பது தெரியக் கூடாது.

பதினொன்றாவதாக வந்தாள் துளசிமணி.
சேவூர்ப் பக்கம், வயது நாற்பத்தாறு,
பதினெட்டு வருஷமாக ஃபிளாட்லாக் ஓட்டுகிறாள்.
நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்,
தலையில் ஒட்டிய பஞ்சைத் தட்டாமல்.

ஓவர்டைம் உண்டா?
உண்டுங்க.
இஷ்டப்பட்டா?
சொன்னா இருப்பமுங்க.
குடிக்கத் தண்ணீர்?
இருக்குதுங்க.
வீட்டில் யார் யார்?
இது பாரத்தில் இல்லாத கேள்வி.
அவளைக் கொஞ்சம் இளக்கலாம் என்று மேடம் கேட்டது.

நானும் எங்கம்மாளுந்தானுங்க.
தம்பி இருந்தானுங்க.
சாயப்பட்டறைத் தொட்டி கழுவ எறங்குனானுங்க.
கேஸுங்க.
கூட எறங்குன பையன் பொழச்சுக்கிட்டானுங்க.
பத்து நாள் சம்பளம் பாக்கி நின்னுதுங்க,
அதையும் குடுத்துட்டாங்கங்க.
செருப்ப வெளியவே கழட்டி வெச்சிருந்தான்.

சொல்லச் சொல்ல மாற்றினேன்.
ஒவ்வொன்றுக்கும் ஒரு முற்றுப்புள்ளி.
மேடம் லேப்டாப்பில் ஒரே ஒரு சொல் அடித்தார்,
பிறகு என் பக்கம் சாய்ந்தார்:
குரல் ஃபிளாட்டாக இருக்கிறதே,
சொல்லிக்கொடுத்து அனுப்பினார்களா?

எனக்குத் தெரிந்த சொல்தான்.
டயரில் காற்று இறங்கினால் அது.
மூடாமல் வைத்த சோடாவும் அது.
அவிநாசி ரோட்டில் எண்பது லட்சம் சொல்கிறார்கள்,
பால்கனியோடு, அதுவும் அது.
அவள் மெஷினில் விழும் தையலும் அதுவே:
போடுகிறவன் தோலில் உரசாதபடி
இரண்டு துணியை ஒன்றின்மேல் ஒன்று படுக்க வைத்து அடிப்பது.
உட்புறம் திருப்பினால் தெரியும்
எவ்வளவு நூல் குடித்திருக்கிறதென்று.

ராத்திரி பஸ்ஸில் போனில் அகராதி பார்த்தேன்.
தட்டையான என்றது.
தட்டு என்றால் எங்கள் பக்கம் மாட்டுக்குப் போடுவது.
சப்பையான என்றது. அது மாங்காய்க்கு ஆகாது, குரலுக்கும் ஆகாது.
உணர்ச்சியற்ற என்றது.
அற்றதென்று யார் பிடித்துப் பார்த்தார்கள்?

பெருமாநல்லூர் தாண்டும்போது
அந்தக் கடைசி வாக்கியம் காதில் திரும்ப வந்தது.
அதில் 'ங்க' இல்லை.

இந்தச் சீமையில் அது சுலபமாகக் கழலாது.
கடன்காரனை வாசலோடு அனுப்பும்போதும் ஒட்டியிருக்கும்.
வரப்புச் சண்டையில்
மண்வெட்டி ஓங்கியவனிடமும் பாதி வரைக்கும் ஒட்டியிருக்கும்.
அது விழுந்தால் அடி விழப் போகிறதென்று அர்த்தம்,
இல்லையென்றால் பேசுகிற ஆள் அங்கே இல்லை.

அவள் அங்கே இல்லை.
தொட்டிக்கு வெளியே, செருப்புக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள்.
மரியாதை காட்ட அங்கே ஒருவரும் இல்லை.

நானோ முதலிலிருந்தே எல்லா 'ங்க'வையும் உதிர்த்துவிட்டேன்,
இங்கிலீஷில் அதை வைக்க இடமில்லாததால்.
அவளாக ஒன்றை விட்டபோது
விட்டது தெரிய என்னிடம் மிச்சம் ஏதுமில்லை.
மேடம் காதில் விழுந்த குரல் என்னுடையது.

இதெல்லாம் பஸ்ஸில்.

அந்த அறையில் நான் சொன்னது இவ்வளவுதான்:
இல்லை, இந்தப் பக்கத்தில் இப்படித்தான் பேசுவார்கள்.
மேடம் அதையும் அடித்துக்கொண்டார்.

துளசிமணி எழுந்தாள்.
கதவருகே திரும்பி என்னைப் பார்த்து,
நாஞ் சரியாச் சொன்னனுங்களா என்றாள்.

என்ன சொல்கிறாள், என்றார் மேடம்.

நன்றி சொல்கிறாள், என்றேன்,
குரலில் ஒரு சுருக்கமும் விழாமல்.